பன்னிரண்டு பேரில் வராத பிள்ளைகள்

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வாங்கியது. இறுதி ஆட்டத்தில் ஈரானை 75-21 என்று துவைத்து எடுத்துவிட்டார்கள். அணியின் துணைக் கேப்டன் கார்த்திகா, குடிசைப் பகுதி மக்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய சென்னை கண்ணகி நகர்ப் பெண். அடுத்த சில நாள் டிவியைத் திறந்தால் கண்ணகி நகர்தான். முதலமைச்சர் 25 லட்சம் ரூபாய் கொடுத்தார், தெருவெல்லாம் பேனர், மாலை, வெடி. பயிற்சியாளர் ராஜியையும் மைக் முன்னால் நிற்க வைத்தார்கள். அது ரொம்ப நல்ல விஷயம், பயிற்சியாளர்களை யாரும் கேட்பதே இல்லை.

பக்கத்திலேயே ஐடி கம்பெனிகள் இருக்கும் ஓஎம்ஆர் சாலையில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்திலும் அன்றைக்கு அதே பேச்சு. "வாய்ப்பு குடுத்தா எங்கேருந்து வேணா வருவாங்கப்பா" என்றார் ஒருவர். சரிதான். ஆனால் இதே அலுவலகத்தில் வேலைக்கு ஆள் எடுக்கும்போது முகவரியைப் பார்த்து உதடு பிதுக்குவதையும் பார்த்திருக்கிறேன். கண்ணகி நகர்ப் பையன்கள் பயோடேட்டாவில் 'துரைப்பாக்கம்' என்று மட்டும் எழுதுவது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சமாச்சாரம்.

கார்த்திகாவைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் எழுத நினைத்தது அவரைப் போல ஆகப்போகாத பிள்ளைகளைப் பற்றி. செம்மஞ்சேரியில் ஒரு சின்ன மைதானத்துக்கு நான் மாலை நேரங்களில் போய் வருகிறேன். அங்கே பெண் பிள்ளைகள் கபடி ஆடுகிறார்கள். சனிக்கிழமைகளில் பக்கத்திலேயே ஒரு அறையில் நாங்கள் சிலர் நாடகம் போடுகிறோம், படம் வரைகிறோம். அந்தப் பிள்ளைகளில் எவரும் இந்திய அணிக்குப் போகப்போவதில்லை. பாதிப் பேர் மாவட்ட அணிக்கே போகமாட்டார்கள். அப்படியானால் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும், நியாயமான கேள்விதான்.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. கூவம், அடையாறு கரைகளிலும் நகரத்தின் நடு ஏரியாக்களிலும் குடியிருந்த குடும்பங்களை 2000-இலிருந்து நகரத்துக்கு வெளியே கொண்டுவந்து விட்டார்கள். முதலில் கண்ணகி நகர், அப்புறம் செம்மஞ்சேரி, அதற்கும் அப்புறம் எட்டு மாடிக் கட்டடங்களாகப் பெரும்பாக்கம். கண்ணகி நகரில் மட்டும் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். குடிசை மாற்று வாரியத்துக்கு 2021-இல் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று பெயர் மாறியது, வீடுகளின் அளவு மாறவில்லை. வீடு வந்தது, வேலை வரவில்லை. அம்மாக்கள் இன்னமும் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் வீட்டு வேலைக்குப் போகிறார்கள். விடிவதற்குள் பஸ் பிடிக்க வேண்டும். திரும்பும்போது இருட்டிவிடும். 2021-இலிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது பெரிய உதவி, ஆனால் இலவச பஸ்ஸும் அதே டிராஃபிக்கில்தான் நிற்கிறது.

ஆக, பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு நாலு மணியிலிருந்து எட்டு மணி வரை வீட்டில் யாரும் இல்லை. வீடும் ஒற்றை அறை. தெருவில்தான் இருக்க வேண்டும். தெருவில் என்னென்ன இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த நாலு மணி நேரம்தான் விஷயமே. 'இளைஞர்களை நல்வழிப்படுத்துதல்' என்று நோட்டீஸ் அடிக்கிறவர்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறார்கள்.

நான் முதன்முதலில் இந்தப் பக்கம் வந்ததே அப்படி ஒரு கூட்டத்தோடுதான். அது நான் முன்பு வேலை பார்த்த கம்பெனி, பெயர் வேண்டாம். ஏசி பஸ்ஸில் வந்து இறங்கினோம். எல்லோருக்கும் ஒரே நிற டி-ஷர்ட். பிள்ளைகளுக்கு முகத்தில் புலி வரைந்தார்கள், சாக்கு ஓட்டம் வைத்தார்கள், பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கிளம்பியாயிற்று. பஸ் ஏறும்போது ஒரு சிறுமி கேட்டாள்: "நாளைக்கு எத்தினி மணிக்கு வருவீங்க?" எங்கள் மேலாளர் அம்மா சிரித்துக்கொண்டே கையசைத்தார். அந்தக் கேள்விக்கு அந்தக் கம்பெனியின் திட்டத்தில் இடமே கிடையாது.

இப்போது நான் போகும் மைதானத்தை நடத்துகிறவர் ஒரு வேன் டிரைவர். ஐடி கம்பெனிக்கு இரவு ஷிப்ட் ஓட்டுகிறார். பிள்ளைகள் அவரை அண்ணா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டது. ஒரு காலத்தில் கிளப்புக்காக ஆடியவர், முழங்கால் போய்விட்டது. மாலை நாலரைக்கு விசிலோடு வந்துவிடுவார். ஏழரைக்கு வேன் எடுக்கப் போவார். நடுவில் தூங்குகிறாரா என்று தெரியாது.

மைதானத்தில் முதல் வேலை கல் பொறுக்குவது. கல்லோடு கண்ணாடிச் சில்லும் இருக்கும், ராத்திரி குடித்தவர்கள் உடைத்துப் போட்ட பாட்டில். பிள்ளைகள் ஒரே வரிசையில் குனிந்தபடி ஒரு கோட்டிலிருந்து மறு கோடு வரை நடந்து எல்லாவற்றையும் பொறுக்கிவிடுவார்கள். அப்புறம் சுண்ணாம்பு. பெண்களுக்கான ஆடுகளம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். இவ்வளவு சின்ன இடம் போதும் என்பதுதான் கபடியின் முதல் தகுதி. பேட் வேண்டாம், பந்து வேண்டாம். தரமான ஆட்டமெல்லாம் இப்போது 'மேட்' என்ற விரிப்பில்தான் என்பதால், மண்ணில் பழகிய பிள்ளை அந்த விரிப்பில் கால் வழுக்கித் தடுமாறுவாள். அது தனி வயிற்றெரிச்சல்.

கபடியில் இன்னொன்று இருக்கிறது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ரெய்டு போகிறவள் விடாமல் பாடிக்கொண்டே போக வேண்டும். நடுவருக்குக் கேட்கும்படி, தெளிவாக. பாட்டு நின்றால் அவுட். பிறந்ததிலிருந்து "சத்தம் போடாத, பக்கத்து வீட்ல கேக்கும்" என்று அடக்கி வளர்த்த பிள்ளைக்கு அந்த 30 வினாடி எவ்வளவு கஷ்டம் தெரியுமா? எதிரில் ஏழு பேர், எல்லைக்கோடு பின்னால், துணைக்கு ஆள் இல்லை, வாயை மூடக்கூடாது. புதிதாக வரும் பிள்ளைகளுக்குக் காலும் கையும் முதலிலேயே நன்றாக ஓடும். குரல்தான் வராது. அண்ணா அவர்களை ரெய்டுக்கு விடமாட்டார். கோட்டில் நிறுத்தி வெறுமனே பாட மட்டும் வைப்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள். ஒரு நாள் சிரிப்பை மீறிக் குரல் வந்துவிடும். இதற்கு 'ஆளுமை மேம்பாட்டுப் பயிற்சி' என்று ஒரு நிறுவனம் ஆயிரக்கணக்கில் வாங்கும்.

பிடிப்பதிலும் அப்படியொரு விஷயம். இரண்டு பேர் கைகோத்துப் பிடிக்கும் செயின், பக்கத்தில் இருப்பவளை நம்பினால்தான் விழும். இந்தக் குடியிருப்புகளில் எங்கெங்கிருந்தோ அள்ளிக்கொண்டு வந்து போட்ட மக்கள் இருக்கிறார்கள். ஒரு பிளாக்குக்கும் அடுத்த பிளாக்குக்கும் பேச்சுவார்த்தை இருக்காது, குழாயடிச் சண்டை இருக்கும். அம்மாக்கள் குடத்தைத் தூக்கி அடித்துக்கொண்ட மறுநாள் அவர்களின் பெண்கள் ஒரே கார்னரில் கைகோத்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒற்றுமை வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். செயின் விழ வேண்டும், அதனால் கோத்தார்கள். அவ்வளவுதான், ஆனால் அதுவே கொஞ்சம் இல்லை.

பல திட்டங்களில் ஒரு நிபந்தனை வைப்பார்கள்: பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு மட்டும் பயிற்சி. கேட்க நன்றாக இருக்கும். பள்ளியை விட்டுவிட்டு எங்கோ பாத்திரம் தேய்க்கிற பிள்ளைக்குத்தான் அந்த மாலை நேரம் இன்னும் அதிகமாகத் தேவை, அவளைத்தான் அந்த நிபந்தனை கழித்துவிடுகிறது. இந்த மைதானத்தில் அப்படி எதுவும் கேட்பதில்லை. வந்தால் ஆடலாம். வராவிட்டால் மறுநாள் "ஏன் வரல?" என்று வீட்டு வாசலில் ஒரு ஆள் நிற்கும்.

விளையாட்டை வைத்துச் சமூகப் பணி செய்வது பற்றி நிறைய எழுதியவர் பிரெட் கோல்டர் என்ற ஆய்வாளர். விளையாட்டை முன்னால் வைத்து அதோடு வேறு சில நன்மைகளைச் சேர்ப்பவர்கள் ஒரு வகை, எய்ட்ஸ் விழிப்புணர்வு மாதிரி ஏதாவது ஒரு நோக்கத்தை முன்னால் வைத்து ஆள் சேர்க்க மட்டும் விளையாட்டைப் பயன்படுத்துபவர்கள் இன்னொரு வகை என்று அவர் பிரிக்கிறார். விளையாட்டு தானாகவே எல்லோரையும் நல்லவர்களாக்கிவிடும் என்ற நம்பிக்கையை அவர் திரும்பத் திரும்பச் சந்தேகிக்கிறார். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. கபடி ஆடுகிற அடியாட்கள் இருந்திருக்கிறார்கள், சிலம்பம் சுற்றுகிற ரௌடிகளும் உண்டு. விளையாட்டில் ஒழுக்கம் ஊறிக் கிடக்கவில்லை. அதை யார் நடத்துகிறார்கள், எத்தனை காலம் நடத்துகிறார்கள், யாரை உள்ளே விடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது எல்லாம்.

சரி, ஆடத் தெரியாத பிள்ளைக்கு வருவோம். கபடியில் களத்தில் ஏழு பேர், மாற்று ஆட்டக்காரர் ஐந்து பேர், மொத்தம் பன்னிரண்டு. எங்கள் மைதானத்துக்கு வருகிறவர்கள் அதைவிட மூன்று மடங்கு இருப்பார்கள். போட்டி என்று வந்ததும் பன்னிரண்டு பேர் பெயரை வாசிப்பார்கள், மற்றவர்கள் முகம் தொங்கிவிடும். மறுவாரம் சிலர் வரமாட்டார்கள். பெரும்பாலான விளையாட்டுத் திட்டங்கள் இந்த இடத்தில்தான் பிள்ளைகளைத் தொலைக்கின்றன. மெடல் வாங்கித் தருகிற பிள்ளையைப் பிடித்துக்கொண்டால் போதும், அவள் போட்டோ அடுத்த வருட நன்கொடைக்கு உதவும்.

இதற்கு உலகத்தில் ஒரு நல்ல முன்னுதாரணம் கென்யாவில் இருக்கிறது. நைரோபியின் மதாரே சேரிப் பகுதியில் 1987-இல் பாப் மன்ரோ என்ற கனடாக்காரர், பிளாஸ்டிக் பையைச் சுருட்டிக் கயிறு கட்டிய பந்தை உதைத்துக்கொண்டிருந்த சிறுவர்களோடு சேர்ந்து ஒரு கால்பந்து லீக் ஆரம்பித்தார். லீக்கில் சேர வேண்டுமானால் அணி தன் பகுதியின் குப்பையையும் சாக்கடையையும் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு துப்புரவை முடித்தால் புள்ளிப் பட்டியலில் 6 புள்ளி. ஒரு ஆட்டத்தில் ஜெயித்தால் கிடைப்பதைவிட அதிகம்! ஆகவே கோல் அடிக்கிறவனுக்கு இருக்கிற மவுசு, மண்வெட்டி எடுத்துக்கொண்டு ஒழுங்காக வருகிறவனுக்கும் வந்துவிட்டது. இது மட்டுமல்ல. நடுவராக இருப்பது, சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பது இதற்கெல்லாம் புள்ளி சேர்த்து, அதிகம் சேர்த்தவர்களுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டினார்கள். 1992-இல் பெண்களுக்கும் அணிகள் வந்தன. அங்கிருந்து கிளம்பிய மதாரே யுனைடெட் 2008-இல் கென்யாவின் தேசிய லீக்கையே வென்றது. அந்தக் கோப்பைதான் வெளியில் தெரியும். எனக்கு அந்த 6 புள்ளிதான் பெரிதாகத் தெரிகிறது.

எங்கள் மைதானத்தில் இப்படித் திட்டமிட்டு எதுவும் செய்யவில்லை, ஆனால் அதன் சாயல் ஒன்று தானாக நடந்தது. ஒரு பெண், எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் குண்டு. எடைப் பிரிவில் அடங்கமாட்டாள், ஓட்டமும் வராது. ஒரு நாள் வந்து, "நான் ஆடலக்கா, நான் எய்திக்கினு இருக்கேன்" என்றாள். ஸ்கோர் எழுதுவதைச் சொல்கிறாள். கபடி ஸ்கோர் ஷீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், டச், போனஸ், சூப்பர் டேக்கிள், ஆல் அவுட், யார் எந்த வரிசையில் வெளியே போனார்கள், எந்த வரிசையில் உள்ளே வர வேண்டும், எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். ஒரு மாதத்தில் அண்ணாவையே திருத்த ஆரம்பித்துவிட்டாள். "அண்ணா, ரெண்டாவதா போனது அவ இல்ல, இவ." இப்போது நாலு குடியிருப்பிலிருந்து போட்டிக்கு அவளைக் கூப்பிடுகிறார்கள். நடுவர் தேர்வு எழுதப் போகிறாளாம். அதற்கு வயது போதவில்லை என்று சொன்னால் ஒத்துக்கொள்வதில்லை.

அம்மாக்கள் கேட்கும் கேள்வி வேறு. "இத்த ஆடுனா வேல கெடைக்குமா?" அவர்களைப் பார்த்து விளையாட்டின் உன்னதம் பற்றிப் பேசுவது அநியாயம். உண்மையைச் சொல்ல வேண்டும்: தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் 10 சதவீதம். ஆனால் அதற்கு எந்த அளவிலான போட்டியில் ஆடினாள் என்ற சான்றிதழ் சரியான படிவத்தில் வேண்டும், தெருப் போட்டியில் வாங்கிய கோப்பை செல்லாது. காவலர் தேர்வுக்குப் பெண்களுக்கு உயரம் 159 செ.மீ. வேண்டும், பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களுக்கு 157. அறைச் சுவரில் இந்த இரண்டு கோடும் போட்டு வைத்திருக்கிறோம். பிள்ளைகள் வாரம் தவறாமல் முதுகை ஒட்டி நின்று பார்ப்பார்கள். ஒருத்தி 155-இல் நின்றுவிட்டாள், அந்தக் கோட்டைக் கொஞ்சம் கீழே இறக்கிப் போடச் சொல்லித் தினமும் பேரம் பேசுகிறாள்.

கலையைப் பற்றி. 2020-இல் கண்ணகி நகர்ச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வந்தன. ஸ்டார்ட் (St+art) இந்தியா என்ற தெரு ஓவிய அமைப்பும் ஏசியன் பெயின்ட்ஸும் சேர்ந்து செய்தது, சென்னையின் முதல் 'கலை மாவட்டம்' என்றார்கள். அழகானவை, சந்தேகமே இல்லை. குற்றச் செய்தியில் மட்டும் பெயர் வந்த ஊருக்கு ஓவியம் பார்க்க ஆட்கள் கேமராவோடு வந்தார்கள். எனக்கு அதில் ஒரு குறை உண்டு: வரைந்தவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த ஓவியர்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அண்ணாந்து பார்க்கும் வேலைதான் கிடைத்தது. நாலு மாடி உயரச் சுவர் ஒன்றை வருடக்கணக்கில் அவர்கள் கையிலேயே விட்டிருந்தால் இவ்வளவு அழகாக இருந்திருக்காது. இருந்துவிட்டுப் போகட்டுமே.

எங்கள் சனிக்கிழமை அறையில் பையன்களும் வருவார்கள். அவர்களுக்குக் கானாதான் வேண்டும். முதலில் உதவிக்கு வந்த ஒரு பெரியவர், "நல்ல பாட்டா சொல்லிக் குடுங்கம்மா" என்றார். நல்ல பாட்டு என்றால் அவருக்கு என்னவென்று எனக்குப் புரிந்தது. சாவு வீட்டில் சட்டி அடித்துக் கானா பாடி அதில் வரும் காசில் போன் ரீசார்ஜ் செய்கிற பையனிடம், உன் பாட்டு நல்ல பாட்டு இல்லை என்று ஆரம்பித்தால் அவன் அடுத்த வாரம் ஏன் வருகிறான்? 'மார்கழியில் மக்களிசை' என்ற இசை விழாவின் மேடைகளில் பறையும் ஒப்பாரியும் கானாவும் ஆயிரக்கணக்கானோர் முன்னால் ஒலிக்கின்றன. அந்த வீடியோக்களைப் போட்டுக் காட்டினேன். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அடுத்த வாரம் கானாவுக்கு அடிக்கிற டேப் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

நாடகத்தில் வசனம் எழுதி நாங்கள் கொடுப்பதில்லை. ஒரு சூழ்நிலை சொல்வோம், அவர்களே பேசுவார்கள். ஒரு தடவை 'இண்டர்வியூ' என்று சொன்னோம். பள்ளியை விட்டுவிட்டு வாட்டர் கேன் போடுகிற பையன் ஒருவன் மேனேஜராக உட்கார்ந்தான். கால் மேல் கால். குரலை எங்கிருந்து பிடித்தானோ, அசல்.

"எங்கேருந்து வர்றீங்க?"

"சோழிங்கநல்லூர் சார்."

"சோழிங்கநல்லூர்ல எங்க?"

"அதாண்ட சார்... பஸ் ஸ்டாண்டாண்ட."

"பஸ் ஸ்டாண்டுக்கு அப்புறம்?"

"அப்புறம் கொஞ்சம் உள்ள சார்."

"எவ்ளோ உள்ள?"

அறையில் சிரித்து உருண்டார்கள். கடைசியில் வேலை கேட்டு வந்தவள் எழுந்து நின்று, "செம்மஞ்சேரி சார், போர்டு வீடு, இப்ப இன்னான்ற?" என்றாள். மேனேஜர் கொஞ்ச நேரம் யோசித்து, "லிப்ட் ஒர்க் ஆவுதா?" என்று கேட்டான். இந்த நாடகத்தைப் பிறகு பல இடங்களில் போட்டோம். ஒரு கம்பெனியின் கேன்டீனிலும் போட்டோம். அங்கே மட்டும் யாரும் அவ்வளவாகச் சிரிக்கவில்லை. நாடகத்தால் அந்தக் கம்பெனியில் யாருக்கும் வேலை கிடைத்துவிடவில்லை. ஆனால் அந்தப் பெண் அதற்குப் பிறகு ஒரு நிஜ இண்டர்வியூவுக்குப் போனபோது முகவரியை முழுசாக எழுதினாள், அந்த வேலையும் கிடைக்கவில்லை. அடுத்த இடத்தில் கிடைத்தது. நாடகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று என்னால் நிரூபிக்க முடியாது, நிதி கொடுப்பவர்கள் கேட்கும் படிவத்தில் இதை எழுத ஒரு கட்டமும் கிடையாது.

செம்மஞ்சேரியிலேயே பெரிய விளையாட்டு நகரம் ஒன்று கட்டப்போவதாக அரசு அறிவித்திருக்கிறது. வரட்டும். வந்தால் அதன் கேட்டில் செக்யூரிட்டி வேலைக்கு எங்கள் பக்கத்து அப்பாக்கள் நிற்பார்கள் என்பது நிச்சயம். அவர்களுடைய பிள்ளைகளை மாலை நாலரைக்கு, கட்டணம் இல்லாமல் உள்ளே விடுவார்களா என்று மட்டும் யாராவது இப்போதே கேட்டு வைத்தால் நல்லது. மழைக்காலத்தில் எங்கள் மைதானம் குளமாகிவிடும், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பள்ளிக்கூட வராந்தாவில் ஸ்கிப்பிங் மட்டும்தான்.

இந்தப் பதிவைப் படித்துவிட்டு வந்து பார்க்கலாமா என்று கேட்கப்போகிறவர்களுக்கு: வாருங்கள், ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், செவ்வாயோ வியாழனோ நாலரைக்கு. கல் பொறுக்குவதிலிருந்து ஆரம்பிக்கலாம். போனைப் பையிலேயே வையுங்கள், பிள்ளைகளின் படம் எடுக்க அம்மாக்களைக் கேட்க வேண்டும், அவர்கள் வர எட்டு மணி ஆகும். ஏதாவது வாங்கிக்கொண்டு வரத் தோன்றினால் டி-ஷர்ட் வேண்டாம், நிறைய இருக்கிறது, எல்லாவற்றிலும் ஏதோ ஒரு கம்பெனியின் பெயர். முழங்கால் கேப் வாங்கி வாருங்கள். சின்ன சைஸும் மீடியமும். பெரிய சைஸ் யாருக்கும் நிற்பதில்லை.